ஓடிப்போகும் பிள்ளைக்கு ஒரு சித்தப்பா

பிள்ளைகளைப் பெற்றவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய இந்திப் படம் 'உடான்'. விக்ரமாதித்ய மோட்வானே இயக்கி 2010-ல் வெளிவந்தது. பெரிய நட்சத்திரங்கள் கிடையாது. ஆட்டம் பாட்டம் கிடையாது. ஆயினும் அவ்வாண்டு கான் திரைப்பட விழாவுக்குத் தேர்வாயிற்று.

பதினேழு வயது ரோஹன், சிம்லா விடுதிப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு ஜாம்ஷெட்பூரிலுள்ள தந்தையிடம் திரும்புகிறான். எட்டு ஆண்டுகளாக அவர் அவனை வந்து பார்த்ததே இல்லை. வீட்டில் அவரை 'சார்' என்றுதான் அழைக்க வேண்டும். பையனுக்கோ எழுத்தாளனாக ஆசை. அவருடைய உத்தரவோ, பாதி நாள் தொழிற்சாலை வேலை, மீதி நாள் பொறியியல் படிப்பு.

அவர் அடித்ததில் ரோஹனின் ஆறு வயதுத் தம்பி மருத்துவமனையில் கிடக்கிறான். அவனுக்கு ரோஹன் கதை சொல்லும்போது, மற்ற நோயாளிகளும் கூடி நின்று கேட்கிறார்கள். பையனின் திறமை ஊராருக்குத் தெரிகிறது. பெற்ற தந்தைக்குத் தெரியவில்லை. முடிவில் தம்பியையும் அழைத்துக்கொண்டு ரோஹன் வீட்டை விட்டே போய்விடுகிறான்.

அத்துடன் படம் முடிகிறது. ஆனால் வீட்டை விட்டு ஓடும் பிள்ளைகள் பலர் வந்து சேருமிடம் ரயில் நிலையம். மீரா நாயரின் 'சலாம் பாம்பே' படத்தை அடுத்து 1988-ல் தில்லியில் தொடங்கிய சலாம் பாலக் அறக்கட்டளை, புதுதில்லி ரயில் நிலையத்தில்தான் இத்தகைய சிறுவர்களுக்கான பணியை ஆரம்பித்தது. தனித்துத் தவிக்கும் குழந்தையைக் கண்டால் 1098 என்ற எண்ணுக்கு நாமும் தகவல் தரலாம். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அக்குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும் என்பது சட்டம்.

எனினும், வீட்டிலேயே தடுப்பதல்லவா மேல்? படத்தில் ரோஹனுக்குப் பரிந்து பேச ஒரு சித்தப்பாவாவது இருக்கிறார். நம் ஊரிலும் அப்பா கோபித்தால் பாட்டியிடமோ மாமாவிடமோ போய் நிற்கலாம். மோதி பாக் குவார்ட்டர்ஸில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு அந்த உறவுகள் இரண்டு நாள் ரயில் பயணத்துக்கு அப்பால் இருக்கிறார்கள். மதிப்பெண் குறைந்த அன்று அவன் யாரிடம் போவான்?

பக்கத்து வீட்டுப் பிள்ளை நம்மை 'மாமா' என்றும் 'மாமி' என்றும் அழைக்கிறது. அந்த அழைப்புக்கு ஒரு பொறுப்பும் உண்டு. பரீட்சை முடிவு வரும் நாளில் மார்க்கைக் கேட்காமல், "சாப்பிட்டாயா?" என்று கேட்போம். அவன் பேசினால் குறுக்கிடாமல் கேட்போம். அவசியமானால் அவன் தந்தையிடமும் அவனுக்காகப் பேசுவோம்.