இருபத்தொரு நாளும் ஓராண்டும்

தமிழ்நாட்டின் இலங்கைத் தமிழர் முகாம்களில் வாழும் பெற்றோர், பிள்ளைக்குப் பெயர் சூட்டுவதிலும் காது குத்துவதிலும் காட்டும் சிரத்தையில் பாதியையேனும் அதன் பத்திரங்களில் காட்டாது விட்டுவிட்டு, அது வளர்ந்து கடவுச்சீட்டு கேட்கும் வேளையில் கண்ணீரோடு அலைவதை நான் பன்முறை கண்டிருக்கிறேன். 1983-இல் மூண்ட யுத்தம் 2009-இல் ஓய்ந்தது. அகதிகளுக்கு இங்கே பிறந்த பிள்ளை எந்நாட்டுப் பிரஜை என்னும் வினா ஓயவில்லை.

இந்திய மண்ணில் பிறந்ததனாலேயே பிரஜாவுரிமை கிட்டிய காலம் 1987 ஜூன் 30-உடன் முடிந்தது. அதன்பின் பிறந்து, தாய் தந்தை இருவருமே இலங்கையராயுள்ள குழந்தைக்கு இங்கே தரப்படும் பிறப்புச் சான்றிதழ், பிறப்புக்குச் சாட்சியேயன்றிப் பிரஜாவுரிமைக்குச் சாட்சியன்று. ஆயினும் அது இல்லாமல் அடுத்த படி ஏற முடியாது. பிறந்த 21 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். ஆஸ்பத்திரியிலேயே எழுதிக்கொண்டார்கள் என்று வாளாவிராமல், பெற்றோர் பெயர் இலங்கைப் பத்திரத்தில் உள்ளவாறே எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஓராண்டு கடந்தால் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும்.

இரண்டாவது பதிவைத்தான் பெரும்பாலோர் மறக்கின்றனர். வெளிநாட்டில் பிறந்த குழந்தையை ஓராண்டுக்குள் பதிய வேண்டுமென்கிறது இலங்கையின் 1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம். சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில், குழந்தையின் சான்றிதழ், பெற்றோரின் இலங்கைப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், விவாகப் பதிவுப் பத்திரம் ஆகியவற்றோடு விண்ணப்பியுங்கள். யுத்தத்தில் பத்திரம் அழிந்திருந்தால், ஊரிலுள்ள உறவினரைக்கொண்டு பிரதேச செயலகத்தில் பிரதி பெறுங்கள். ஓராண்டு தவறியவர்களுக்கும், தக்க காரணமிருந்தால் அமைச்சர் அவகாசம் நீட்டிக்கச் சட்டமே இடமளிக்கிறது. ஆகவே காலம் போயிற்றென்று கைவிடாதீர்கள். முகாமில் பிறந்தவள் இன்று தானே தாயாகும்போது, தன் பதிவை முதலில் சீர்செய்யாவிடில் பிள்ளையின் உரிமையை எதைக்கொண்டு நிறுவுவாள்?

மீண்டும் சொல்கிறேன்: இருபத்தொரு நாள் வேறு, ஓராண்டு வேறு, ஒன்றைச் செய்தது மற்றதைச் செய்ததாகாது. "நாளை வா" என்று ஏழைகளைத் திருப்பியனுப்புவதையே உத்தியோகமாகக் கொண்டோர் எங்கும் உளர். அவர்களிடம் விண்ணப்பத்துக்கு ரசீது கேளுங்கள். மறுத்தால், மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். எல்லாப் பத்திரங்களிலும் ஒரு பிரதியை முகாமுக்கு வெளியே, நம்பிக்கையான உறவினர் வீட்டில் வையுங்கள்.