சத்தம் கிழிந்தால் உடனே ஸ்பீக்கரை மாற்றாதீர்கள்!



டிப்ளமோ படிக்கிறோம் என்று ஊரில் தெரிந்தால் போதும், மிக்ஸி முதல் மோட்டார் வரை எல்லாம் நம் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். இ.சி.இ. படிக்கும் என்னைத் தேடி அதிகமாக வருவது வேன், கார்களில் இருக்கும் பாட்டு செட். புகாரும் பெரும்பாலும் ஒன்றுதான். "தம்பி, மெதுவா வச்சா நல்லாத்தான் பாடுது. சத்தம் கூட்டினா கிழியுது. ஸ்பீக்கர் அடி வாங்கிருச்சு போல!"

எங்கள் ஊர் பாலவனத்தம். விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொன்னால் தமிழாசிரியர்கள் உடனே பாண்டித்துரைத் தேவரை நினைப்பார்கள். 1901-ல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய ஜமீன்தார் அவர். இன்று அந்தச் சாலையோரம் நின்றால் காதில் விழுவது வேன் பாட்டு. மில்லுக்கு ஆள் ஏற்றும் வேன், கல்யாண வேன், ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி போகும் வேன் என்று எதில் பார்த்தாலும் பாட்டு உண்டு. பல வண்டிகளில் அது கிழிந்துதான் வருகிறது. தவணை கட்டி வண்டி ஓட்டுகிறவர்கள் ஸ்பீக்கரை மாற்றுகிறார்கள், அப்புறம் ஆம்ப்ளிஃபயரை மாற்றுகிறார்கள். காசு போகிறதே தவிர கிழிசல் போவதில்லை. காரணம் என்ன என்று நம் பாடப் புத்தகக் கணக்கை வைத்தே பார்க்கலாம், வாருங்கள்.

கிழிவது எது?

நம் லேபில் ஆம்ப்ளிஃபயர் சோதனை செய்தபோது சி.ஆர்.ஓ. திரையில் சைன் அலையைப் பார்த்திருப்பீர்கள். இன்புட்டைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் அலை உயராது. அதன் தலையும் காலும் கத்தியால் சீவியது போலத் தட்டையாகிவிடும். அதுதான் கிளிப்பிங். காதுக்குக் கேட்கும் 'கிழிசல்' பெரும்பாலும் இதுதான்.

எந்த ஆம்ப்ளிஃபயரும் தனக்குக் கிடைக்கும் சப்ளை வோல்ட்டுக்கு மேல் அலையை எழுப்ப முடியாது. கூரை ஏழு அடி உயரமென்றால் எட்டு அடி ஆள் நிமிர்ந்து நிற்க முடியுமா? குனிந்துதான் நிற்க வேண்டும். வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கு டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக் கூரையை உயர்த்திக்கொள்ளலாம். காருக்குள் பேட்டரி கொடுப்பதுதான் கூரை.

பெட்டியில் 50 வாட், கணக்கில் எத்தனை?

செட் வாங்கிய அட்டைப் பெட்டியில் '50 வாட் × 4' என்று போட்டிருக்கும். கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் தருவது அதிகபட்சமாக 14.4 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பீக்கர் 4 ஓம். சாதாரண ஒற்றை அவுட்புட் ஐ.சி.யில் அலை பாதி சப்ளை அளவுக்குத்தான், அதாவது 7.2 வோல்ட் வரைதான், எழும்பும். சைன் அலையின் பவர் = உச்ச வோல்ட்டின் வர்க்கம் ÷ (2 × ஓம்). 7.2 × 7.2 ÷ 8 = சுமார் 6.5 வாட். நம்மில் பலர் முதல் முதலில் கிட் வாங்கிப் பற்றவைத்த டி.டி.ஏ. 2003 ஐ.சி.யின் டேட்டா ஷீட்டைப் பாருங்கள். 4 ஓமுக்கு 6 வாட் என்றுதான் இருக்கும். கணக்கு பொய் சொல்லாது.

இப்போதைய செட்களில் 'பிரிட்ஜ்' முறை வந்துவிட்டது. ஸ்பீக்கரின் இரு முனைகளையும் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள் எதிரெதிராக இயக்கும். ஒன்று மேலே தள்ளும்போது மற்றது கீழே இழுக்கும். அதனால் முழு 14.4 வோல்ட்டும் உச்சமாகக் கிடைக்கும். 14.4 × 14.4 ÷ 8 = சுமார் 26 வாட். ஐ.சி.க்குள் ஏற்படும் இழப்பைக் கழித்தால் சுத்தமான சத்தம் 20 வாட்டை ஒட்டித்தான் வரும்.

அப்படியானால் 50 வாட் எங்கிருந்து வந்தது? அலை முழுக்கச் சதுரமாகிவிட்டால் 14.4 × 14.4 ÷ 4 = சுமார் 52 வாட். அதாவது பெட்டியில் போட்டிருப்பது ஏறக்குறைய முழுசாகக் கிழிந்த சத்தத்தின் பவர்! சந்தேகமென்றால் செட்டின் பின்னால் இருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். 10 ஆம்பியர் என்றால் 14.4 × 10 = 144 வாட்தான் மொத்தமாக உள்ளே போக முடியும். அதிலும் ஒரு பங்கு சூடாகிப் போய்விடும். அப்புறம் 200 வாட் தொடர்ந்து வெளியே வருவது எப்படி?

வழியில் காணாமல் போகும் வோல்ட்

மேலே போட்டது 14.4 வோல்ட் முழுசாக செட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் வரும் கணக்கு. ஆனால் பேட்டரியிலிருந்து செட் வரை ஒயர் இருக்கிறது, ஜாயின்ட் இருக்கிறது, எர்த் போல்ட் இருக்கிறது. அரை சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ஒரு மீட்டருக்கு சுமார் 0.035 ஓம். நான்கு மீட்டருக்கு 0.14 ஓம். இதில் 10 ஆம்பியர் ஓடினால் 1.4 வோல்ட் ஒயரிலேயே தங்கிவிடும். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டும் துருப்பிடித்த எர்த்தும் இன்னும் கொஞ்சம் தின்னும்.

மெதுவாகப் பாடும்போது கரன்ட் குறைவு, இழப்பும் குறைவு. சத்தம் கூட்டி, பேஸ் அடிக்கும்போது கரன்ட் எகிறும், வோல்ட் சரியும், கூரை தாழ்ந்து அலை முட்டிக்கொள்ளும். 'மெதுவா வச்சா நல்லாப் பாடுது' என்பதன் ரகசியம் இதுதான். நோய் செட்டில் இல்லை. செட்டுக்கு வரும் வழியில் இருக்கிறது.

ஒரு வேனின் கதை

எங்கள் தெருவில் வேன் ஓட்டும் ஓர் அண்ணன் இரண்டு முறை ஸ்பீக்கர் மாற்றிவிட்டார். கடையில், "ஸ்பீக்கருக்குப் பவர் பத்தல, பெரிய ஆம்ப்ளிஃபயர் போடுங்க" என்றார்களாம். வாங்கும் முன் என்னிடம் கேட்டார். கல்லூரி விடுமுறையில் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

செல்போனிலிருந்து 50 ஹெர்ட்ஸ் டோனைச் செட்டில் ஓடவிட்டு, அவர் வழக்கமாக வைக்கும் அளவுக்குச் சத்தம் வைத்தேன். இன்ஜின் ஓட்டத்தில் பேட்டரி முனையில் 13.9 வோல்ட். செட்டின் பின்னால் வெறும் 11.2 வோல்ட்! 2.7 வோல்ட் வழியிலேயே காலி. பாசிட்டிவ் ஒயரில் 1.5, எர்த்தில் 1.2. சிகரெட் லைட்டர் ஒயரில் சுரண்டி எடுத்த சப்ளை. எர்த்தோ பெயின்ட் அடித்த தகட்டின் மேல் ஒரு சின்ன ஸ்குரூ.

பவர் வோல்ட்டின் வர்க்கத்துக்கு நேர்விகிதம் அல்லவா? 11.2-ஐ 13.9-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.65. நூற்றுக்கு 35 பங்கு பவர் செட்டைத் தொடாமலே போயிருக்கிறது.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினோம். பேட்டரியிலிருந்து நேராக 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், பெயின்ட்டைச் சுரண்டிப் பளபளக்கும் தகட்டில் லக் வைத்து இறுக்கிய எர்த். மறுபடி அளந்தால் 13.5 வோல்ட். ஸ்பீக்கரும் அதேதான், செட்டும் அதேதான். அண்ணன் பாட்டைப் போட்டுவிட்டு, "ஏப்பா, இது நம்ம செட்டுதானா?" என்றார்.

அவர் கடைக்காரர் சொன்னபடி பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்கியிருந்தால்? தனி ஆம்ப்ளிஃபயருக்குள் 12 வோல்ட்டை உயர்த்தும் கன்வெர்ட்டர் இருக்கும். அதனால் கூரை உயரும், உண்மைதான். ஆனால் 200 வாட் வெளியே தர அது 25 ஆம்பியர் போல இழுக்கும். அந்த மெல்லிய ஒயரில் 25 ஆம்பியர் ஓடினால் சத்தம் கிழிவதோடு நிற்காது, ஒயரே உருகும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று செம்புக் கம்பியைச் சுற்றி வைக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள். ஃபியூஸ் இருப்பது ஒயர் தீப்பிடிக்காமல் காக்க. உள்ளே இருபது பேர் உட்கார்ந்து வரும் வண்டி அது.

மீட்டரோடு போனால் செய்ய வேண்டியவை

1. முதலில் பேஸ், ட்ரெபிள், லவுட்னஸ் எல்லாவற்றையும் நடுவில் வையுங்கள். பேஸை 10 டெசிபல் ஏற்றினால் அந்த இடத்தில் பத்து மடங்கு பவர் கேட்கிறோம் என்று பொருள். பல கிழிசல்கள் இதிலேயே சரியாகிவிடும்.

2. வேறு பாட்டுப் போட்டுப் பாருங்கள். பாட்டுப் பதிவே கிழிந்திருந்தால் செட் என்ன செய்யும்?

3. சத்தம் வைத்த நிலையில் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை செட்டின் கறுப்பு ஒயரிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. இதேபோல் பேட்டரி பாசிட்டிவுக்கும் செட்டின் பவர் ஒயருக்கும் இடையே பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் போனால் ஒயரையோ ஜாயின்ட்டையோ தேடுங்கள். பாட்டை நிறுத்திவிட்டு அளந்தால் எல்லாம் நன்றாகத்தான் காட்டும். ஏமாந்துவிடாதீர்கள்.

4. பேலன்ஸ், ஃபேடர் திருகி ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கேளுங்கள். ஒன்றில் மட்டும் கிழிந்தால் அதைக் கழற்றி வேறு பக்கம் மாட்டுங்கள். கோளாறு கூடவே போனால் ஸ்பீக்கர், போகாவிட்டால் செட் அல்லது ஒயர்.

5. பிரிட்ஜ் செட்டில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரிலும் பாடியைப் பொறுத்து 6 முதல் 7 வோல்ட் டி.சி. இருக்கும். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய பூஜ்யம். இடையே ஒரு வோல்ட்டுக்கு மேல் டி.சி. தெரிந்தால் ஐ.சி. போய்விட்டது, அது ஸ்பீக்கர் காயிலையும் சுட்டுவிடும். எந்த ஸ்பீக்கர் ஒயரையும் பாடியில் எர்த் செய்யக் கூடாது.

ஸ்பீக்கரே குற்றவாளியாகும் இடங்கள்

எல்லாப் பழியும் ஒயருக்கே என்று சொல்லவில்லை. நம் வறண்ட சீமையில் கரிசல் புழுதியும் செம்மண் தூசியும் கதவு இடுக்கு வழியே ஸ்பீக்கருக்குள் போகும். வாய்ஸ் காயில் ஓடும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் மணல் புகுந்தால் மெதுவாக வைத்தாலும் 'கரகர' என்று உரசும். கோனை விரல் நுனிகளால் சமமாக மெல்ல அழுத்துங்கள். உரசல் கேட்டால் ஸ்பீக்கரை மாற்றத்தான் வேண்டும்.

பேஸே இல்லை என்றால் ஒரு பக்க ஒயர் தலைகீழாக மாட்டியிருக்கலாம். ஒரு ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்க, பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். பத்தலையே என்று சத்தம் கூட்டுவார்கள், கிழியும். 1.5 வோல்ட் செல்லை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். செல்லின் பாசிட்டிவ், ஸ்பீக்கரின் பாசிட்டிவில் பட்டால் கோன் வெளியே வர வேண்டும்.

கிளிப்பிங் ஆகும் செட்டோடு நல்ல ஸ்பீக்கரும் வாழாது. உச்ச வோல்ட் மாறாமல் அலை சதுரமானால் பவர் இரட்டிப்பாகும் என்று பார்த்தோம். கூடவே உயர் ஸ்வர ஹார்மோனிக்ஸும் சேர்ந்து வரும். அந்தச் சுமையில் முதலில் போவது சின்ன ட்வீட்டர். அண்ணனின் இரண்டு ஜோடி ஸ்பீக்கர் போன வழி இதுதான்.

அரை மணி நேரம் பாடிவிட்டுத் திடீரென்று நின்று, ஆறியதும் திரும்பப் பாடினால் அது சூடு. சித்திரை வெயிலில் பூட்டி நின்ற வண்டிக்குள் கை வைக்க முடியுமா? ஐ.சி. தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது. ஹீட் சிங்க்கில் காற்றுப் படும்படி செய்து, காய்ந்துபோன பேஸ்ட்டைப் புதிதாகத் தடவுங்கள்.

இரண்டு மடங்கு வாட், இரண்டு மடங்கு சத்தமா?

இல்லை. 25 வாட்டை 50 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல். காதுக்குக் கொஞ்சம்தான் வித்தியாசம் தெரியும். இரண்டு மடங்காகத் தோன்ற 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு பவர் வேண்டும். அதற்குப் பதில் சென்சிட்டிவிட்டி 87 டெசிபல் இருக்கும் ஸ்பீக்கருக்குப் பதிலாக 93 உள்ளதை வாங்கினால், அதே செட்டில் நான்கு மடங்கு பவர் கொடுத்ததற்குச் சமம். ஸ்பீக்கர் வாங்கும்போது வாட்டை மட்டும் பார்க்காமல் இந்த எண்ணையும் கேளுங்கள்.

காதையும் நினையுங்கள். அமெரிக்காவின் நியோஷ் நிறுவனத்தின் வரையறைப்படி 85 டெசிபல் சத்தத்தில் நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான்! பயணி இறங்கிப் போய்விடுவார், டிரைவர் நாள் முழுக்க அதற்குள்ளேயே இருக்கிறார். ஸ்பீக்கர் போனால் கடையில் கிடைக்கும்.

நண்பர்களே, ஓம் விதியைத் தேர்வுக்கு எழுதுகிறோம், மார்க் வாங்குகிறோம், மறந்துவிடுகிறோம். அதே விதி ஒரு துருப்பிடித்த எர்த் போல்ட்டில் உட்கார்ந்து ஒரு டிரைவரின் மாதச் சேமிப்பைத் தின்றுகொண்டிருக்கிறது. 'மாத்திருங்க' என்று சொல்ல யாராலும் முடியும். 'மாத்த வேண்டாம், அளந்து பார்ப்போம்' என்று சொல்லத்தான் டிப்ளமோ படித்தவன் வேண்டும். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பையில் ஒரு மல்டிமீட்டர் இருக்கட்டும்!