திறந்த வரைபடத் தரவும் தனியுடைமைத் தரவும்: ஓசூர் – கிருஷ்ணகிரி தொழிற்பகுதி ஆய்வுகளில் உரிமச் சிக்கல்கள்

ஆய்வுச் சுருக்கம்

ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவை விலைக்குப் பெற்ற தரவுடன் இணைத்து ஆராயும்போது எழும் உரிமக் கடப்பாடுகளை, ஓசூர் – கிருஷ்ணகிரி எல்லைத் தொழிற்பகுதியை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது. இணைக்கும் முறையே கடப்பாட்டைத் தீர்மானிக்கிறது என்பது இதன் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: திறந்த தரவு, உரிமம், ஓபன்ஸ்ட்ரீட்மேப், ஓசூர், கிருஷ்ணகிரி

முன்னுரை

2004-இல் தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தொழில் வளர்ச்சி ஒரு மாநில எல்லைக்குள் அடங்குவதன்று. ஓசூர், சூளகிரித் தொழிற்பகுதிகள் தேசிய நெடுஞ்சாலை 44-இன் வழியே கர்நாடகத்தின் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா பகுதிகளோடு தொடர்புற்றுள்ளன. அரசுத் துறைகளின் பதிவுகள் மாநில எல்லையோடு நின்றுவிடுகின்றன. எல்லையின் இருபுறத்தையும் ஒரே அமைப்பில் தரும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் அவ்விடைவெளியை நிரப்புகிறது. எனினும் ஆலைகளின் பணியாளர் எண்ணிக்கை, சரக்கு ஊர்திகளின் ஜிபிஎஸ் பதிவு முதலியவற்றைத் தனியார் நிறுவனங்களிடம் ஒப்பந்தத்தின்பேரில் பெற வேண்டியுள்ளது.

உரிமத்தின் அடிப்படை

2012 செப்டம்பர் முதல் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவு ‘திறந்த தரவுத்தள உரிமத்தின்’ கீழ் வழங்கப்படுகிறது. மூலத்தைக் குறிப்பிடுதல், மாற்றியமைத்த தரவுத்தளத்தைப் பொதுவில் பயன்படுத்தினால் அதனை அதே உரிமத்தில் வழங்குதல், பிறர் பயன்பாட்டைத் தொழில்நுட்பத் தடைகளால் முடக்காதிருத்தல் ஆகியவை அதன் முதன்மை நிபந்தனைகள்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) கணினித் தரவுத்தளங்களை இலக்கியப் படைப்புகளுள் அடக்குகிறது. ஆனால், வெறும் உழைப்பு போதாது, சிறிதளவேனும் ஆக்கத்திறன் வேண்டும் என்பது ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. ஐரோப்பிய ஒன்றியம் 1996-இல் ஏற்படுத்திய தனித் தரவுத்தள உரிமை இந்தியாவில் இல்லை. இதனைக் கொண்டு கடப்பாடே இல்லை எனக் கருதுதல் பொருந்தாது; இவ்வுரிமம் ஒப்பந்தமாகவும் வரையப்பட்டுள்ளது.

இணைப்பின் இரு வகைகள்

ஓசூர் ஆலைகளைப் பற்றிய ஓர் ஆய்வை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஆலைகளின் இருப்பிடம் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்தும், பணியாளர் எண்ணிக்கை முழுவதும் வாங்கிய பட்டியலிலிருந்தும் பெறப்பட்டுத் தனித்தனி அட்டவணைகளாக வைக்கப்படுகின்றன. ஓபன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளையின் வழிகாட்டுதலின்படி இது ‘கூட்டுத் தரவுத்தளம்’. வாங்கிய பட்டியலைத் திறந்துவைக்க வேண்டியதில்லை.

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் விடுபட்ட ஆலைகளைக் கண்டறிந்து, அவற்றை மட்டும் வாங்கிய பட்டியலிலிருந்து எடுத்து ஒரே அட்டவணையில் நிரப்பினால் நிலை மாறுகிறது. அது ‘வழித்தோன்றல் தரவுத்தளம்’ ஆகிறது. அதனைத் திறந்துவைக்குமாறு ஒரு உரிமம் கோர, வெளியிடலாகாது என மற்றோர் ஒப்பந்தம் தடுக்கும். இரண்டையும் ஒருங்கே நிறைவேற்ற இயலாது.

வெளியீடும் கடப்பாடும்

ஆய்வாளர் தம்மளவில் பயன்படுத்தும்வரை பகிர்வுக் கடப்பாடு எழுவதில்லை. பொதுப் பயன்பாட்டிலேயே அது தொடங்குகிறது. முனைவர்ப் பட்ட ஆய்வேடுகளின் மின்படி ஷோத்கங்காவில் பொதுப் பார்வைக்கு வைக்கப்படுவதால் இது கருதத்தக்கது. ஆய்வேட்டில் இடம்பெறும் வரைபடம் ‘ஆக்கப் படைப்பு’ ஆதலின், அதற்கு மூலக் குறிப்பு போதும். ஆனால் அவ்வரைபடம் வழித்தோன்றல் தரவுத்தளத்திலிருந்து உருவானதாயின், அத்தரவுத்தளத்தையோ மாற்றங்கள் அனைத்தும் அடங்கிய கோப்பையோ வழங்க வேண்டும். சேர்க்கப்பட்ட புதிய உள்ளடக்கமும் அக்கோப்பில் இடம்பெற வேண்டுமாதலால் வாங்கிய தரவை மறைத்துவைக்க வழியில்லை.

எதிர்த்திசையிலும் வரம்பு உண்டு. தனியுடைமை வரைபடத்திலிருந்து உரிய அனுமதியின்றி நகலெடுத்த சாலைகளையும் பெயர்களையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்த்தல் ஏற்கப்படுவதில்லை.

முடிவுரை

உரிமச் சிக்கல் ஆய்வின் இறுதியில் வெளிப்பட்டாலும், அதன் வேர் தரவு இணைக்கப்பட்ட முதல் நாளிலேயே உள்ளது. ஒன்றாகக் கலந்த அட்டவணையைப் பின்னர்ப் பிரித்தெடுப்பது அரிது. எனவே தரவை வாங்குமுன் ஒப்பந்தத்தின் மறுவெளியீட்டு விதியைப் படித்தல், ஒவ்வொரு பதிவின் மூலத்தையும் குறித்துவைத்தல், இருவகைத் தரவையும் தனித்தனியே பேணுதல் ஆகிய மூன்றும் ஆய்வுத் திட்ட வரைவிலேயே இடம்பெற வேண்டும்.