நடக்கப் பழக்கும் ரோபோ: நோயாளி என்ன சொல்கிறார்?

கம்ப்யூட்டர் என்றால் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் என்றுதான் நமக்கு நினைவு வரும். அதே கம்ப்யூட்டர் ஒரு மனிதரின் கால்களை எடுத்து வைத்து நடத்துவதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். அந்த மனிதர் என் அப்பா.

அப்பா அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்தில் இடது பக்கம் செயலிழந்தது. ஐந்தாவது வாரம், ஒரு மருத்துவமனையில் லோகோமேட் என்ற இயந்திரத்தில் பயிற்சி தொடங்கினார்கள். சாஃப்ட்வேர் எஞ்சினியரான எனக்கு இயந்திரத்தின் மீதுதான் கண்.

எப்படி இயங்குகிறது?

இதை உருவாக்கியது சுவிட்சர்லாந்தின் ஹோகோமா நிறுவனம். நோயாளியைப் பெல்ட்டுகளால் கட்டி டிரெட்மில் மீது நிறுத்துவார்கள். உடல் எடையில் ஒரு பகுதியை மேலே உள்ள கயிறு தாங்கிக்கொள்ளும். இரண்டு இடுப்பு, இரண்டு முழங்கால் என நான்கு மூட்டுகளுக்கும் தனித்தனி மோட்டார் உண்டு. மவுஸ் நகர்வதைக் கம்ப்யூட்டர் அறிவது போல, சென்சார்கள் மூட்டின் கோணத்தையும் விசையையும் அளந்து சொல்லும். அதற்கேற்ப மோட்டார் காலை நகர்த்தும். நோயாளி எவ்வளவு முயல்கிறார் என்பது எதிரே உள்ள திரையில் தெரியும்.

அப்பா சொன்னது

முதல் நாள் முடிந்ததும், "எப்படிப்பா இருந்துச்சு?" என்று ஆவலாகக் கேட்டேன்.

"நின்னுக்கிட்டு உங்கம்மா முகத்தை நேரா பார்த்தேன், அது சந்தோஷம். ஆனா நான் நடக்கலடா. என்னைக் கண்டக்டர் சீட்ல உக்கார வச்சுட்டு வேற யாரோ வண்டி ஓட்டுற மாதிரி இருக்கு" என்றார். பெல்ட் தொடையிடுக்கில் அழுத்துவதையும் சொன்னார்.

பிசியோதெரபிஸ்டிடம் அப்படியே சொன்னேன். அவர் பெல்ட்டைச் சரிசெய்தார். பிறகு திரையில் ஓர் எண்ணைக் குறைத்தார். மோட்டார் எவ்வளவு உதவ வேண்டும் என்பதற்கான எண் அது. 100 சதவீதம் என்றால் இயந்திரமே காலை நடத்தும். குறையக் குறைய நோயாளியின் உழைப்பு கூடும்.

அன்று அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. "இன்னிக்கு ஸ்டியரிங் கொஞ்சம் என் கையில இருந்துச்சு" என்றார்.

எவ்வளவு செலவு செய்யலாம்?

கூடுதல் பயிற்சிக்காகச் சங்கிலியை அடகு வைக்கவும் அம்மா தயாராக இருந்தார். அப்போதுதான் 2020-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பைப் படித்தேன். பக்கவாத நோயாளிகளிடம் நடந்த 62 ஆய்வுகளை அது சேர்த்துப் பார்த்திருந்தது. பிசியோதெரபியுடன் இயந்திரப் பயிற்சியும் பெற்றவர்கள் துணையின்றி நடக்கும் வாய்ப்பு கூடுகிறது. முதல் மூன்று மாதங்களில் இருப்பவர்களுக்கும், நடக்கவே முடியாதவர்களுக்கும்தான் பலன் அதிகம். பிசியோதெரபியை விட்டுவிட்டு இயந்திரத்தை மட்டும் நம்பலாம் என்று அது சொல்லவில்லை.

எனவே மூன்று மாதம் வரை மட்டும் இயந்திரப் பயிற்சி எடுத்தோம். மீதிப் பணத்தில் பிசியோதெரபிஸ்டை வீட்டுக்கு வரவழைத்தோம். சங்கிலி அம்மா கழுத்திலேயே இருக்கிறது. அப்பா இப்போது கைத்தடியுடன் தெருமுனை டீக்கடை வரை போய் வருகிறார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தப் பயிற்சி என்றால், மூன்று கேள்விகளை மறக்காதீர்கள். எங்கே அழுத்துகிறது, எங்கே வலிக்கிறது? நடப்பது நீங்களா, மிஷினா? இன்று உதவி எத்தனை சதவீதம்? முதல் இரண்டை நோயாளியிடம் கேளுங்கள். மூன்றாவதைப் பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். சென்சார் அளக்காத விவரம் நோயாளியின் வாயில்தான் இருக்கிறது.