வைத்தியச் செலவுக்கு எடுத்த பி.எஃப். பணம்: வரிப் படிவத்தில் எங்கே காட்டுவது?



ஜூன், ஜூலை மாதங்கள் வந்துவிட்டால் நம் சங்கத்து அன்பர்கள் சிலர் வருமான வரிக் காகிதங்களோடு என்னைத் தேடி வருவது வழக்கம். கணக்கெழுதியே காலம் கழித்தவன் என்பதால் எனக்குக் கிடைத்திருக்கும் உரிமை அது. அவர்கள் கேட்கும் கேள்விகளுள் ஒன்று ஆண்டுதோறும் தவறாமல் வருகிறது: "அம்மாவின் ஆபரேஷனுக்காகத்தான் சார் பி.எஃப். எடுத்தேன். ஒரு பைசாகூட வீண் செலவு செய்யவில்லை. இதற்கும் வரி உண்டா? படிவத்தில் காட்ட வேண்டுமா?"

கேட்பவரின் மனக்கஷ்டம் நமக்குப் புரிகிறது. ஆனால் சட்டம் பார்ப்பது வேறு. பணத்தை எதற்காகச் செலவிட்டோம் என்பது வரியைத் தீர்மானிப்பதில்லை. பணம் எந்த வழியில் வெளியே வந்தது, எத்தனை ஆண்டுப் பணிக்குப் பிறகு வந்தது என்பவையே தீர்மானிக்கின்றன. இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் மற்றவை சுலபம்.

வைப்பு நிதி என்பது ஓய்வுக் காலத்துக்கான சேமிப்பு என்று சட்டம் சொன்னாலும், நம் குடும்பங்களில் அது நோய்க்கும் நொடிக்கும் கைகொடுக்கும் பணம். இதை நாடறியச் சொன்னதே நம் பெங்களூர்தான். 2016 பிப்ரவரியில் வந்த ஓர் அரசாணை, நிறுவனம் செலுத்திய பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்றது. அதே ஆண்டு ஏப்ரல் 18, 19 தேதிகளில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளின் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஓசூர் சாலையிலும் துமகூரு சாலையிலும் திரண்டு மறியல் செய்தார்கள். 19-ஆம் தேதியே மத்திய அரசு அந்த ஆணையைத் திரும்பப் பெற்றது. அவசரத்துக்கு எடுக்க முடியாத பணம் நமக்கு எதற்கு என்பதே அவர்கள் கேள்வி. எடுக்கும் உரிமை நிலைத்தது. எடுத்த பிறகு கணக்குக் காட்டும் பொறுப்பும் நம்முடையதே.

ஒரு குறிப்பு. கீழே வரும் பிரிவு எண்களும் படிவ எண்களும் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தைச் சார்ந்தவை. 2026 மார்ச் 31 வரை கைக்கு வந்த பணத்துக்குப் பொருந்துபவை. 2026 ஏப்ரல் 1 முதல் வரும் பணத்துக்கு 2025-ஆம் ஆண்டுப் புதிய சட்டம். அதில் எண்கள் வேறு என்பதால், அந்தப் பணத்துக்குப் புதிய படிவத்தைப் பார்த்தே நிரப்ப வேண்டும்.

முதல் வழி: வேலையில் இருக்கும்போதே எடுப்பது

1952-ஆம் ஆண்டு வைப்பு நிதித் திட்டத்தின் 68-ஜே பத்தி நோய்க்கான முன்பணத்துக்கு வழிசெய்தது. ஒரு மாதமோ அதற்கு மேலோ மருத்துவமனையில் படுத்திருப்பது, பெரிய அறுவை சிகிச்சை, காசநோய், தொழுநோய், பக்கவாதம், புற்றுநோய், மனநோய், இதய நோய் ஆகியவை அதில் அடங்கின. உறுப்பினருக்கு மட்டுமன்றி அவர் குடும்பத்தாருக்கும் உண்டு. ஆறு மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், அல்லது நம் பங்கும் வட்டியும், இவற்றில் எது குறைவோ அதுவே வரம்பு. 2025 அக்டோபரில் நிதியின் மத்திய அறங்காவலர் குழு, 13 விதமான எடுப்பு விதிகளை மூன்று வகைகளாகச் சுருக்கவும், கணக்கில் 25 சதவீதம் எப்போதும் இருக்க வேண்டும் என்று வைக்கவும் முடிவெடுத்தது. ஆகவே விண்ணப்பிக்கும் நாளில் உள்ள விதியை நிதியின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த முன்பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. கணக்கும் மூடப்படுவதில்லை. வரிச் சட்டம் ஐந்தாண்டு நிபந்தனை விதிப்பது "சேர்ந்த மொத்த இருப்பு" என்பதற்குத்தான். அது ஊழியர் வேலையை விட்டு விலகும் நாளில் அவருக்குரிய இருப்பு என்று சட்டமே விளக்குகிறது. வேலையில் இருந்துகொண்டே எடுக்கும் முன்பணம் அந்த விளக்கத்துக்குள் வராது. 2020-இல் கொரோனாவுக்காகத் தனி முன்பணம் கொடுத்தபோதும் அதற்கு வருமான வரி இல்லை என்றே அறிவிக்கப்பட்டது.

இரண்டாம் வழி: ஐந்தாண்டு முடித்து விலகியபின் எடுப்பது

தொடர்ந்து ஐந்தாண்டு பணி செய்திருந்தால் முழுத் தொகைக்கும் பிரிவு 10(12)-இன்படி விலக்கு உண்டு. வரி இல்லை என்பதால் படிவத்தில் எழுத வேண்டாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது சரியன்று. ஐ.டி.ஆர்-1 படிவத்தில் விலக்குப் பெற்ற வருமானத்தைத் தகவலுக்காகக் காட்டும் இடம் ஒன்று உண்டு. அங்கே 'பிரிவு 10(12), அங்கீகரிக்கப்பட்ட வைப்பு நிதி' என்பதைத் தேர்ந்து தொகையை எழுதுங்கள். ஐ.டி.ஆர்-2 நிரப்புவோர் 'ஈ.ஐ.' என்ற அட்டவணையில் எழுத வேண்டும். முன்பணம் எடுத்தவர்களும் அதே இடத்தில் குறித்துவிடுவது நல்லது என்பது என் ஆலோசனை. வங்கியில் வரவான பெரிய தொகைக்கு அதுவே விளக்கம்.

மூன்றாம் வழி: ஐந்தாண்டுக்கு முன் விலகி எடுப்பது

இங்கேதான் வரி வருகிறது. இதற்கும் சில விதிவிலக்குகள் உண்டு. ஊழியரின் சொந்த உடல்நலக் குறைவால் வேலை போயிருந்தால், நிறுவனமே தொழிலைச் சுருக்கியோ மூடியோ இருந்தால், அல்லது ஊழியரின் கைக்கு மீறிய வேறு காரணத்தால் வேலை முடிந்திருந்தால், ஐந்தாண்டு ஆகாவிட்டாலும் வரி கிடையாது. 'ஊழியரின் உடல்நலக் குறைவு' என்ற சொற்களைக் கவனியுங்கள். தாயாரின் நோய் இதில் சேராது. வேலையை விட்டது வேறு காரணத்துக்காக, பணம் மட்டும் வைத்தியத்துக்குப் போனது என்றால் அதுவும் சேராது. உண்மையிலேயே தம் நோயால் விலகுபவர், விலகிய காரணத்தை நிறுவனத்தின் பதிவிலும் விண்ணப்பத்திலும் சரியாக எழுதச் செய்து, டாக்டர் சான்றிதழையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, எல்லாவற்றிலும் முக்கியமானது. பழைய நிறுவனத்துக் கணக்கைப் புதிய நிறுவனத்துக் கணக்கோடு மாற்றி இணைத்துவிட்டால், பழைய பணிக்காலமும் ஐந்தாண்டில் சேரும்.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் மூன்று ஆண்டும், பிறகு வேறொரு நிறுவனத்தில் இரண்டரை ஆண்டும் வேலை பார்த்தார். சொந்தமாகக் கடை வைக்க விலகினார். அந்தச் சமயத்தில் தாயாருக்கு அறுவை சிகிச்சை. இணைக்காமல் கிடந்த இரண்டு கணக்குகளையும் தனித்தனியே முடித்து வாங்கினார். இணைத்திருந்தால் ஐந்தரை ஆண்டு, முழு விலக்கு. இணைக்காததால் இரண்டுமே ஐந்தாண்டுக்கு உட்பட்டவை ஆகிவிட்டன. முதல் கணக்கின் விவரத்தை முழு எண்ணாக்கித் தருகிறேன்:

அவர் பங்கு ரூ. 60,000
அதற்கு வட்டி ரூ. 6,000
நிறுவனத்தின் பங்கு ரூ. 18,000
அதற்கு வட்டி ரூ. 2,000
மொத்தம் ரூ. 86,000

நிறுவனத்தின் பங்கும் அதன் வட்டியும் சேர்ந்த 20,000 ரூபாய் சம்பளம் என்ற தலைப்பில் வரும். அவர் பங்குக்கு வந்த வட்டி 6,000 இதர வருமானம். அவர் போட்ட 60,000 அவருடைய பணமே. அது வருமானம் ஆகாது. ஆனால் முந்தைய ஆண்டுகளில் அதைக் காட்டி 80-சி பிரிவில் கழிவு பெற்றிருந்தால், அப்போது மிச்சமான வரியை இப்போது கட்ட வேண்டும். கழிவு பெறாதவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

இப்படிப்பட்டவர் ஐ.டி.ஆர்-1 நிரப்பக் கூடாது. ஐ.டி.ஆர்-2 எடுத்து (தொழில் வருமானம் இருந்தால் ஐ.டி.ஆர்-3), இதர வருமான அட்டவணையில் 'பிரிவு 111-இன்படி வரிக்குரிய வைப்பு நிதி இருப்பு' என்ற இடத்துக்குப் போக வேண்டும். எந்த ஆண்டுக்கு எவ்வளவு வருமானம், எவ்வளவு வரி என்று ஆண்டு வாரியாக அங்கே கேட்கப்படும். அதனால்தான் பாஸ்புத்தகத்தின் எல்லா ஆண்டுப் பக்கங்களும் தேவை.

பிடித்த வரியைத் திரும்பப் பெறுவது

ஐந்தாண்டுக்கு உட்பட்ட தொகை 50,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், 192-ஏ பிரிவின்படி 10 சதவீதம் பிடித்துக்கொண்டே தருவார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். நம் இளைஞருக்கு வருமானம் 26,000 ரூபாய்தான். வரி பிடித்ததோ 86,000 ரூபாய்க்கும் சேர்த்து 8,600. அவருடைய சம்பளம் எந்த ஆண்டிலும் வரி வரம்பைத் தொட்டதில்லை. அவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். அந்த 8,600 ரூபாயும் அவருக்கே திரும்ப வேண்டிய பணம்.

ஆனால் படிவம் தாக்கல் செய்தால்தான் திரும்பும். 'எனக்கு வருமானமே இல்லை, எதற்குப் படிவம்' என்று இருந்துவிடுபவர்கள் இந்தப் பணத்தை இழக்கிறார்கள். ஆபரேஷனுக்குக் கடன் வாங்கிய குடும்பத்துக்கு 8,600 சிறிய தொகையா? வழக்கமான கெடு ஜூலை 31. தவறினால் டிசம்பர் 31 வரை தாமதப் படிவம் போடலாம். வரி கட்டும் நிலையில் இல்லாதவர்கள் பணம் எடுக்கும்போதே 15-ஜி படிவம், 60 வயது நிரம்பியவர்கள் 15-எச் படிவம் கொடுத்திருந்தால் பிடித்தமே இருந்திருக்காது.

நிரப்புமுன் 26-ஏ.எஸ். அறிக்கையில் 192-ஏ என்ற வரியைத் தேடிப் பாருங்கள். அதிலுள்ள எண்ணும் உங்கள் படிவத்து எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தியா முழுவதிலிருந்தும் போகும் படிவங்களைச் சரிபார்க்கும் மத்திய மையம் நம் எலக்ட்ரானிக் சிட்டியில்தான் இருக்கிறது. பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக அவர்கள் சலுகை காட்டுவதில்லை! எண்கள் ஒத்துப்போகாவிட்டால் கணினியே கடிதம் அனுப்பிவிடும்.

வைத்தியச் செலவுக்குத் தனிச் சலுகை

பி.எஃப். கணக்கில் நோய்க்கு இடமில்லை என்றாலும், செலவுக் கணக்கில் உண்டு. புற்றுநோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, பார்க்கின்சன் போன்ற குறிப்பிட்ட நோய்களுக்கு 80-டி.டி.பி. பிரிவில் 40,000 ரூபாய் வரையும், நோயாளி 60 வயது நிரம்பியவரானால் ஒரு லட்சம் வரையும் கழிவு கிடைக்கும். நிபுணரின் சீட்டு அவசியம். இன்ஷூரன்ஸோ நிறுவனமோ ஈடு செய்த தொகையைக் கழித்தே கேட்க வேண்டும். பி.எஃப். பணமோ நம் சொந்தப் பணம், ஈடு ஆகாது. எனவே அதிலிருந்து செய்த செலவுக்கும் இந்தக் கழிவைக் கேட்கலாம். ஆனால் பழைய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு மட்டுமே இது உண்டு.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருப்போருக்கு

அங்கே 'ஹெல்த் சேவிங்ஸ் அக்கவுண்ட்' என்று ஒன்று 2004 முதல் இருக்கிறது. வழி நேர் எதிரானது. அங்கே எத்தனை ஆண்டுப் பணி என்று கேட்பதில்லை. எதற்குச் செலவு செய்தாய் என்றே கேட்கிறார்கள். தகுதியான வைத்தியச் செலவானால் வரி இல்லை. வேறு செலவானால் வரியோடு இன்னும் 20 சதவீதம் கூடுதல். 65 வயதுக்குமேல் அந்தக் கூடுதல் இல்லை. கணக்கு வைத்திருக்கும் நிறுவனம் 1099-எஸ்.ஏ. என்ற சீட்டை அனுப்பும். எடுத்தவர் 8889 என்ற படிவத்தை இணைக்க வேண்டும், முழுவதும் வைத்தியத்துக்கே செலவாகி வரி இல்லாவிட்டாலும்கூட. பெங்களூருக்கே திரும்பிவந்து இங்கே முழுக் குடியிருப்பாளர் ஆகிவிட்டவர்கள் அந்தக் கணக்கை இந்தியப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையிலும் காட்ட வேண்டும், அதற்கு ஐ.டி.ஆர்-1 உதவாது.

பத்திரப்படுத்த வேண்டியவை

பி.எஃப். பாஸ்புத்தகப் பிரதி, ஒவ்வொரு நிறுவனத்திலும் சேர்ந்த, விலகிய தேதிகள், கணக்கு மாற்றிய விவரம், 26-ஏ.எஸ்., ஆஸ்பத்திரி ரசீதுகள், டாக்டர் சான்றிதழ் ஆகிய எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

வேலை மாறும் பிள்ளைகளிடம் இன்றே ஒரு வார்த்தை சொல்லுங்கள்: பழைய கணக்கை அப்படியே விடாதே, புதியதோடு சேர்த்துவிடு. நோய் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அது வரும் நாளில் கணக்கு ஒன்றாக இருந்தால், பிடித்தமில்லாமல் முழுப் பணமும் ஆஸ்பத்திரி வாசலில் உதவும்.