இறைச்சி இல்லாத சாப்பாட்டுப் பெட்டி

நம்மில் பலர் ஆடு, கோழிகளை ஊரில் விட்டு வந்தோம். பாடசாலை செல்லும் பிள்ளைக்கு இறைச்சியின்றிச் சாப்பாடு கட்டும்போது மனம் வருந்துகிறது. ஆனால் உடலை வளர்க்கும் புரதத்தை நாம் பயிர்களிலிருந்தும் பெறலாம்.

சோயா மீற், எண்ணெய் நீக்கிய சோயா மாவில் செய்யப்படுவது. உலர்ந்த 100 கிராமில் ஏறக்குறைய 50 கிராம் புரதம் உண்டு. சுடுநீரில் ஊறவைத்துப் பிழிந்து கறியாக்குவோம். பக்கற்றில் வரும் சுவைத்தூளில் உப்பு அதிகம், அளவோடு சேர்ப்போம்.

பயறு, கௌபி 100 கிராமில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் உண்டு. சோற்றின் புரதத்தில் உள்ள குறையைப் பயறும், பயற்றில் உள்ளதைச் சோறும் நிரப்புகின்றன. ஆகவே இரண்டையும் சேர்த்தே கொடுப்போம்.

கீரை, பயறுகளின் இரும்புச்சத்து இறைச்சியினதைப் போல எளிதில் உடலில் சேராது. கறியை இறக்கியபின் விடும் தேசிக்காய்ப்புளியோ, ஒரு கொய்யாப்பழமோ அதற்கு உதவும். சாப்பாட்டுடன் குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும்.

ஒன்றை மறவாதிருப்போம்: விற்றமின் பி12 பயிர்களில் கிடைப்பதில்லை. முட்டை, பால், நெத்தலிக் கருவாடு இவற்றில் ஒன்றை இயன்றபோதெல்லாம் கொடுப்போம்.

இருக்கும் இடம் சிறிதானாலும், கொட்டிலோரம் ஒரு முருங்கைத்தடி ஊன்றுவோம்.