முற்றத்து நீலப்பூச்சி

வத்தேகம, பன்வில வழியாக மடுல்கெல்லைக்கு உறவுக்காரர் வீட்டுக்குப் போனால், வெயில் ஏறும் நேரத்தில் முற்றத்து ஓரப் புல்லைச் சற்றுக் குனிந்து பாருங்கள். பெருவிரல் நகத்தளவு நீல வண்ணத்துப்பூச்சிகள் தரையை ஒட்டிப் பறக்கும். "இதன் பெயர் என்ன உம்மா?" என்று பிள்ளை கேட்டால், "நீலப்பூச்சி" என்று சொல்லித் தப்பிவிடுகிறோம்.

ஆனால் நீலத்தை வைத்துப் பெயர் சொல்ல முடியாது. நீலம் பெரும்பாலும் ஆணுக்குத்தான், பெண் பழுப்பு. அந்த நீலமும் சாயமல்ல, இறகுச் செதில்களின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் தெறிப்பது.

பூச்சி இறகை மூடி உட்காரும்போது அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். முன்னிறகின் நடுவில் ஒரு புள்ளி இருந்தால் அது 'டார்க் கிராஸ் புளூ'. முள்ளுக்கீரையிலும் நெருஞ்சியிலும் முட்டையிடும். அந்த நடுப்புள்ளி இல்லையென்றால் 'லெஸ்ஸர் கிராஸ் புளூ'வாக இருக்கலாம். அதன் புழுவுக்குத் தொட்டாற்சுருங்கி போன்ற அவரையினச் செடிகள்தான் உணவு.

பின்னிறகில் நூல்போல் வால் தொங்கினால், பயற்றங்காய்ப் பந்தலைத் தேடி வரும் 'பீ புளூ' என்று நினைக்கலாம். வாலும் அதனருகிலுள்ள கரும்புள்ளிகளும் பொய்த் தலையாகத் தெரியும். குருவி அங்கே கொத்தும், பூச்சி தப்பிவிடும்! இதன் புழு பூவையும் பிஞ்சையும் தின்பதால் நம் கறிக்குப் பகைதான், மறைப்பானேன்? தேசி மரத்துத் தளிரில் 'லைம் புளூ'வின் பச்சைப் புழு இருக்கும். அது சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் அதைச் சூழ்ந்து காவல் நிற்கும்.

இவையெல்லாம் பிற நாடுகளிலும் உண்டு. 'சிலோன் ஹெட்ஜ் புளூ' மட்டும் இலங்கைக்கே உரியது. வாலில்லை; வெளிறிய அடிப்புறத்தில் சிறு புள்ளிகள். அதைத் தேட வேண்டிய இடம் முற்றமல்ல, மலைக்காடு. மடுல்கெல்லைக்கு மேலே எழும் நக்கிள்ஸ் காடுகள் 2010 முதல் உலக மரபுரிமையில் சேர்ந்தவை.

காட்டைக் காக்கச் சட்டம் இருக்கிறது. முற்றத்துப் புல்லுக்கு நாம்தான். விருந்தாளி வருகிறார்கள் என்று ஓரம்வரை மருந்தடித்தால், முட்டையிட ஓர் இலைகூட மிஞ்சாது. வேலியோரத்தில் ஒரு முழ அகலமாவது விட்டுவிடுங்கள். பிள்ளை போத்தலைத் தூக்கிக்கொண்டு ஓடினால், பூச்சி இறகை மூடும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். நடுவில் புள்ளி உண்டா, இல்லையா?